அட்டைப்பெட்டி சொன்ன பொய்

அத்தியாயம் 9

விக்கிரவாண்டி தாண்டும்வரை ஞானமேரி வாயைத் திறக்கவில்லை. பக்கத்து ஸீட்டில் சாதிக் பாட்சா வறுத்த மல்லாட்டைக் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டும், தோலை ஒழுங்காகப் பொட்டலத்துக்குள்ளேயே திருப்பிப் போட்டுக்கொண்டும் வந்தான்.

"மேடம், நீங்க இப்படி மூஞ்சிய வச்சிக்கினு வந்தீங்கன்னா சாவு வீட்டுக்குப் போறோம்னு நெனச்சி கண்டக்டர் டிக்கெட்டே கேக்க மாட்டாரு. திரும்பி வரும்போதும் இதே மூஞ்சிய வச்சிக்குங்க. ஆபீசுக்கு லாபம்."

"வாய மூடுடா."

"மூடிட்டா மல்லாட்டை எப்படி உள்ள போவும்?"

மற்ற நாளாக இருந்தால் ஞானமேரி சிரித்திருப்பாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பாதி ஆயுளைக் கழித்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, விழுப்புரம் ஜங்ஷன் எதிரே ஒரு மெஸ்ஸின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவள். ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்டுச் சம்பளம் வாங்கியவர், இப்போது அதே வேலையைப் பலகை மாட்டிச் செய்கிறார் என்பது சாதிக்கின் கணிப்பு. சாதிக் கோட்டக்குப்பத்துப் பையன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருந்தவன். இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் அந்தக் கடையை விட்டுவிட்டு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தான்.

அவள் முகம் அப்படி இருந்ததற்குக் காரணம், போன மாதம் அவள் வெற்றிகரமாக முடித்த ஒரு கேஸ்.

திண்டிவனம் மேம்பாலத்துப் பக்கம் விருத்தாசலம் என்பவர் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறார். கண்டாச்சிபுரத்துப் பெண் ஒருத்திக்கு அங்கே பரிசோதனை நடந்தது. மாத்திரையில் அடங்கிவிடுகிற தைராய்டு. அந்த ரிப்போர்ட்டை அவள் அப்பா கையில் வாங்குவதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் போய்விட்டது. கல்யாணம் நின்றது. அப்பா லேப் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். விருத்தாசலம் ஞானமேரியைக் கூப்பிட்டார்.

ஞானமேரி ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாள். ரிப்போர்ட்டெல்லாம் இருப்பது பரிசோதனை மெஷினோடு இணைந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில். அதிலிருந்து கிளம்பும் வயர்களை அவள் கண் வழக்கம்போலத் தொடர்ந்து போனது. ஒன்று கரண்டுக்கு, ஒன்று மெஷினுக்கு, ஒன்று பிரிண்டருக்கு. வெளியே போகிற வயர் எதுவும் இல்லை. மேலே ஷெல்ஃபில், வயர் இல்லாமல் இணைக்கிற ஒரு குச்சியின் காலி அட்டைப்பெட்டி. எந்தெந்த சிஸ்டத்தில் அது வேலை செய்யும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். எல்லாமே புதிது. இந்தக் கம்ப்யூட்டரின் சிஸ்டமோ அதற்கெல்லாம் முந்தியது.

"வயரும் இல்ல, காத்தும் இல்ல. அப்போ வாய்தான்" என்றாள் ஞானமேரி, கொஞ்சம் பெருமையாகவே.

அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்கிறவள் ஒருத்திதான். பாஞ்சாலி, பிரம்மதேசத்துக்காரி. விருத்தாசலம் அவளைக் கூப்பிட்டு வேலையிலிருந்து நிற்கச் சொன்னபோது அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். கையை உள்ளே மடக்கி, காலரை நேராக்கி, கடையில் வாங்கியது போல மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். அந்த மடிப்பு ஞானமேரியின் கண்ணை விட்டுப் போகவில்லை. திங்கள்கிழமை துணி மடிக்கும்போதுகூட அதுதான் ஞாபகம் வந்தது.

போன வாரம் மறுபடியும் ஒரு ரிப்போர்ட் வெளியே போனது. இந்த முறை ஒரு மாப்பிள்ளையின் மஞ்சள் காமாலை. பாஞ்சாலிதான் இல்லையே! நேற்று விருத்தாசலம் போன் செய்தபோது இன்னொன்றும் சொன்னார்.

"கண்டமங்கலத்துல புதுசா ஒரு ஆஸ்பத்திரி திறக்கறாங்களாம். அந்தப் பொண்ணு அங்க வேல கேட்டிருக்குது. என்கிட்ட விசாரிப்பாங்க. நான் இன்னா சொல்றது?"

"நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க."

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எந்த லேபும் பாஞ்சாலிக்குக் கதவைத் திறக்கவில்லை. கண்டமங்கலம் ஒன்றுதான் மிச்சம்.

கூட்டேரிப்பட்டு வந்தபோது ஞானமேரி கேட்டாள்.

"சாதிக்கு, அட்டப்பெட்டி பொய் சொல்லுமா?"

"பிரியாணி பெட்டின்னா கண்டிப்பா சொல்லும். மேல மட்டன்னு போட்டிருக்கும், உள்ள தோண்டிப் பாத்தா..."

"கம்ப்யூட்டர் சாமான் பெட்டிடா. இந்த சிஸ்டத்துல ஓடாதுன்னு போட்டிருந்தா ஓடாதா?"

"கம்பெனிக்காரன் ஓட வைக்க மாட்டான்னு அர்த்தம் மேடம். ஓடாதுன்னு அர்த்தம் இல்ல." பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். இது அவன் பேட்டை. "புது சாமான் ஒண்ணு, பழைய சிஸ்டம் ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல டிரைவர்னு ஒரு புரோகிராம் நிக்கணும்."

"டிரைவர்?"

"முன்னால உக்காந்து பீடி குடிக்கறாரே, அவரு இல்ல. இப்படி வச்சிக்குங்க. மருமக துபாய்ல பொறந்தவ. மாமியாருக்கு செஞ்சி தாண்டி ஒலகம் தெரியாது. நடுவுல ஒரு நாத்தனார் நின்னுக்கினு, மருமக பேசறத மாமியாருக்குப் புரியற மாதிரி சொல்லணும். அந்த நாத்தனார்தான் டிரைவர். கம்பெனிக்காரன் இன்னா சொல்றான்? 'எங்க நாத்தனார் புது மாமியார்கிட்டதான் பேசுவா, உங்க மாமியார மாத்திடுங்க'ங்கறான்."

"மாத்த முடியாதா?"

"மாமியார நம்பி வீட்ல எத்தினி பேரு இருக்காங்க! நீங்க சொன்ன அந்த லேப் மெஷினோட புரோகிராம் அந்தப் பழைய லினக்ஸ் சிஸ்டத்துலதான் ஓடும். சிஸ்டத்த மாத்தினா மெஷின் ஊமையாய்டும். ஆனா மேடம், ஒலகத்துல அங்கங்க சில பேரு ஒக்காந்துக்கினு, யாரும் கேக்காமலே, புதுசா வர்ற வயர்லெஸ் டிரைவரையெல்லாம் பழைய சிஸ்டத்துக்குப் பொருந்தற மாதிரி ஒட்டுப்போட்டு இன்டர்நெட்ல விட்டுக்கினே இருக்கானுங்க. அத எறக்கி, நம்ம மெஷினுக்குத் தோதா கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா ஓடும். கை வேணும். ஆனா ஓடும்."

"போன மாசமே ஏண்டா சொல்லல?"

"போன மாசம் நான் தங்கச்சி நிக்காஹ்ல இருந்தேன். பிரியாணிக்கு தம் போடறதுக்குள்ள நீங்க கேஸ முடிச்சிட்டீங்க. எனக்கு போன் பண்ணி 'கண்டுபிடிச்சிட்டேன்டா'ன்னுதான் சொன்னீங்க. 'கண்டுபிடிக்கட்டுமாடா'ன்னு கேக்கலியே."

ஞானமேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

லேபில் பாஞ்சாலியின் நாற்காலியில் விருத்தாசலமே உட்கார்ந்திருந்தார். சரியான ஆள் கிடைக்கவில்லையாம். மூக்குக் கண்ணாடி வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"வாங்கம்மா. ஜல்தியா ஒரு முடிவு கட்டுங்க. இன்னொரு செருப்ப என்னால பாக்க முடியாது."

போன மாதம் ஞானமேரி வயர்களை நின்றபடியே பார்த்திருந்தாள். இன்று முழங்காலை ஊன்றி மேசைக்கு அடியில் குனிந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் மயிலம் முருகன் ஸ்டிக்கர், மயில் மட்டும் பாதி கிழிந்து. பின்பக்கம் கையை விட்டுச் சுவரிலிருந்து நகர்த்தினாள்.

கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் குச்சி செருகியிருந்தது. அதன் நுனியில் ஒரு பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"சாதிக்கு! இங்க பாரு. ஓடுதுடா இது!"

சாதிக் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆமா மேடம்."

ஞானமேரி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு விருத்தாசலத்திடம் திரும்பினாள். "வெளிய போற கனெக்ஷன் ஏதாவது இருக்கான்னு அன்னிக்கே கேட்டேனே?"

"கேட்டீங்க. அதுல இன்டர்நெட் இல்லன்னு சொன்னேன். இல்லதானே? இன்டர்நெட் என் ரூம் கம்ப்யூட்டர்லதான் இருக்குது. இது சும்மா, இங்க இருக்கற ரிப்போர்ட்ட என் ரூம்ல இருந்தே பாக்கறதுக்கு. போன வருஷம் விழுப்புரத்துல பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு கடையில குடுத்தேன். இந்தப் பெட்டி, ரவுட்டர், ரெண்டையும் தூக்கிக்கினு போய் வச்சிட்டு வந்தேன். ஓடாதுன்னுதான் மொதல்ல சொன்னாங்க. அப்பறம் எப்படியோ ஓட வச்சிட்டாங்க."

வெளியே போக வழி இல்லை என்று அவள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன பெட்டியிலிருந்து, அவள் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இந்த விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால் மினுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

சாதிக் உள்ளறைக்குப் போய் விருத்தாசலத்தின் கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துவிட்டு வந்தான்.

"ரவுட்டர்ல பழைய காலத்துப் பூட்டு போட்டிருக்கு மேடம். தெரிஞ்சவன் கொஞ்ச நேரத்துல திறந்துடுவான்."

"எவ்வளவு தூரம் எட்டும்?"

"சுவர் தாண்டும். மாடிக்குப் போவும்."

ஞானமேரி தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். கம்பத்திலிருந்து லேபுக்கு டெலிபோன் வயர் ஒன்று. பக்கத்து மருந்துக் கடைக்கு ஒன்று. மாடிக்குக் கரண்ட் வயர் மட்டும்தான். மாடிக் கைப்பிடியில் ஒரு பலகை தொங்கியது. 'காந்திமதி திருமணத் தகவல் மையம். இன்டர்நெட் மூலம் உடனடிப் பொருத்தம்.'

"வயரே போவலியே. எங்கேருந்து வருது இன்டர்நெட்?"

"டேட்டா கார்டு வச்சிருக்கலாம்" என்றான் சாதிக்.

"வச்சிருக்கலாம். இந்தத் தடவ 'லாம்'ங்கறத நம்பி நான் யாரையும் கை காட்டப் போறது இல்ல." ஒரு கணம் யோசித்தாள். "உள்ள போய் அந்த மெஷின்ல புதுசா ஒரு ஆள ஏத்து. பேரு இன்னாசிராஜ். இளவட்டம். ஊரு கண்டமங்கலம். சக்கரை எக்கச்சக்கம்னு போடு."

சாதிக் போய்த் தட்டினான். ஞானமேரி புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடி ஏறினாள்.

*

காந்திமதி ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். வாய் நிறையச் சிரிப்பு. சுவர் நிறைய ஜோடிகளின் போட்டோ.

"வாங்கம்மா, உக்காருங்க. பொண்ணுக்கா, பையனுக்கா?"

"எங்க அண்ணன் பையனுக்கு. இன்னாசிராஜ். கண்டமங்கலம். தினம் பாண்டி போய்வந்துக்கினு கம்பெனி வேலை பாக்கறான். குடி கிடையாது, பீடி கிடையாது. ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போவான்."

"தங்கமான பையன்னு சொல்லுங்க. உங்க சபையிலேயே நம்மகிட்ட நாலஞ்சு பொண்ணு இருக்குது. ஒரு நிமிஷம், இன்டர்நெட்ல பாக்கறேன்."

கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். தட்டினாள். இரண்டு இடத்தில் அமுக்கினாள். சிரிப்பு மெல்லக் கரிசனமாக மாறியது. ஞானமேரி அந்த மாற்றத்தை ரசித்துப் பார்த்தாள். துப்பறிகிறவர்களுக்கு இதைவிட இனிப்பான வேளை கிடையாது. ஆனால் இன்று நாக்கில் கசந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுடறேன். பையனுக்கு சக்கரை இருக்குன்னு சொல்றாங்களே?"

"யாரு சொல்றாங்க?"

"எனக்குக் கண்டமங்கலத்துல நெறைய பேரு பழக்கம். ஊரே பேசுது."

"ஊரே பேசுதா?" ஞானமேரி எழுந்தாள். "அவன் பொறந்தே இன்னும் காப்பி ஆறலம்மா. இப்பதான் கீழ இருக்கற கம்ப்யூட்டர்ல பொறந்தான்."

காந்திமதி முதலில் போனைப் பார்த்தாள், அப்புறம் கதவைப் பார்த்தாள். கதவில் விருத்தாசலம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் எதையும் ஒடைக்கல" என்றாள் காந்திமதி. குரலில் சர்க்கரை தீர்ந்திருந்தது. "எங்க அக்கா பையன் வந்து, 'கீழ் வீட்டு லைன் சும்மா வருது சித்தி'ன்னு மாட்டிக் குடுத்தான். கூடவே ரிப்போர்ட்டும் வந்துச்சி. நான் இன்னா, யாருக்காவது கெடுதலா பண்ணேன்? ரெண்டு குடும்பத்துக்கு உண்மைய சொன்னேன். கல்யாணம் ஆனப்பறம் தெரிஞ்சா எவ்ளோ பேஜாரு! உண்மைய சொல்றது தப்பா?"

விருத்தாசலம் கத்த ஆரம்பித்தார். போலீஸ், வீட்டுக்காரர், இரண்டு பேரையும் கூப்பிடப் போவதாகச் சொன்னார். ஞானமேரிக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னேன். போன மாதம் தானும் அதையேதான் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

*

கீழே வந்ததும் அந்தக் கறுப்புக் குச்சியை ஞானமேரி தன் கையாலேயே பிடுங்கி மேசைமேல் வைத்தாள். விளக்கு அணைந்தது.

"இப்போ கண்டமங்கலத்துக்குப் போன் போடுங்க. பாஞ்சாலி மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லுங்க."

விருத்தாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"காலைலயே அவங்க பேசிட்டாங்கம்மா."

"நான்தான் சொன்னேனே, வர்ற வரைக்கும்..."

"நேரா கேட்டாங்க. ஏன் நிறுத்தினீங்கன்னு. நான் இன்னா பண்றது? நீங்க போன மாசம் சொன்னதத்தான் சொன்னேன். ஒரு வார்த்த மாத்தல. வயரும் இல்ல, காத்தும் இல்ல, வாய்தான்னு."

தன் வாக்கியம் இன்னொருவர் வாயில் அத்தனை சுத்தமாகத் திரும்பி வந்ததைக் கேட்டு ஞானமேரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைக் கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்த அதே நாற்காலி.

"இப்போ போடுங்க."

போட்டார். மறுமுனையில் பேசியவரின் குரல் அறைக்கே கேட்டது. "காத்தால ஒண்ணு சொல்றீங்க, மத்தியானம் ஒண்ணு சொல்றீங்க. ஆளாளுக்கு போன்ல சொல்றத நாங்க நம்பறதா? சாயங்காலம் வேற ஒருத்தருக்கு ஆர்டர் குடுக்கறோம். அதுக்குள்ள சொல்றவங்க நேர்ல வந்து சொல்லட்டும்."

விருத்தாசலம் போனை வைத்தார். "எனக்கு லேப விட்டுட்டு வர முடியாதும்மா. வேணும்னா என் லெட்டர்பேடுல..."

"வேணாம். தப்பா சொன்னவ நான். நானே போறேன்."

"அப்போ அந்தக் கடைக்காரனையும் சும்மா விடாதீங்க. எந்தக் கழுத அந்த ஓட்டப் பூட்ட போட்டுக் குடுத்தானோ..."

ஞானமேரி படியிறங்கினாள். பின்னாலேயே சாதிக் வந்தான். மேம்பால நிழலில் இளநீர் வண்டி ஒன்று நின்றது. வண்டிக்காரர் "சார், தண்ணி காயா, வழுக்கையா?" என்று கூப்பிட்டார். இதற்குச் சாதிக்கிடமிருந்து ஒரு ஜோக் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அங்கேதான் அவள் நின்றாள்.

ஜங்ஷனிலிருந்து லேப் வாசல் வரைக்கும் ஓயாத வாய். அதற்கப்புறம் வேலைப் பேச்சைத் தவிர ஒன்றுமே இல்லை. மாப்பிள்ளைக்குப் பிறக்கும்போதே சக்கரையா என்று கேட்கவில்லை. காந்திமதியைப் பற்றி ஒரு வார்த்தை கிண்டல் இல்லை. கழுதை என்று ஒருவர் திட்டினால் எத்தனை கால் கழுதை என்று கேட்கிறவன், தலையைக் குனிந்துகொண்டான். காலையிலிருந்து அவள் தேடிய தடயங்களிலேயே பெரிய தடயம் அவளுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது.

"சாதிக்கு."

"மேடம்."

"அந்த முருகன் ஸ்டிக்கர இதுக்கு முன்னாடி எங்க பாத்த?"

சாதிக் தெருவைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"கடையில மேடம். என் டேபிள் மேல."

"நீதானா?"

"யாரு பெட்டின்னு எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா தெரியாது. கஸ்டமர முதலாளிதான் பாப்பாரு. அந்த மயில் கிழிஞ்சிருந்தத பாத்தப்பதான்..." மூக்கை உறிஞ்சினான். "ரெண்டு நாளு போராடினேன். இன்டர்நெட்ல எறக்கின டிரைவர் மொதல்ல அந்த சிஸ்டத்துல ஏறவே மாட்டேன்னுச்சி. ஒவ்வொரு எடமா ஒட்டுப்போட்டு ஓட வச்சேன். பச்ச லைட்டு எரிஞ்சப்போ கடையில டான்ஸே ஆடினேன் மேடம்."

"பூட்டு?"

"அந்தப் பழைய சிஸ்டத்துக்குப் புதுப் பூட்டு புரியல. டிரைவர் ஓடிச்சி, பூட்டு ஓடல. அதனால ரவுட்டர பழைய பூட்டுக்கு எறக்கிட்டேன். கஸ்டமர்கிட்ட சொல்லிடணும்னேன் முதலாளிகிட்ட. 'லைட்டு எரியுது இல்ல? குடுத்தனுப்பு'ன்னாரு. குடுத்துட்டேன்." குரல் உடைந்தது. "மாமியார மாத்தாம மருமகள கொண்டாந்தேன்னு பஸ்ல பீத்திக்கினு வந்தேனே மேடம். வாசக்கதவ கழட்டிட்டுத்தான் கொண்டாந்திருக்கேன்."

ஞானமேரிக்கு அவனைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டினால் தன் பாரத்தில் பாதியை அவன் தலையில் இறக்கிவிடலாம். அந்த ஆசையை அவளே அடையாளம் கண்டுகொண்டாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரியின் பாவத்தையும் சேர்த்துச் சொல்கிற புத்தி.

"நீ கதவ கழட்டின. நான் கதவு இருக்குதான்னே பாக்காம, வீட்ல இருந்தவள திருடின்னுட்டேன். வா. பிரம்மதேசம் பஸ் எந்தப் பக்கம் நிக்கும்?"

*

கோயில் மதிலுக்குப் பின்பக்கத் தெருவில், வேப்பமர நிழலில் நான்கைந்து பெண்கள் விதை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கை ஒரு தடவை நின்றது. அப்புறம் மறுபடி உரித்தது.

ஞானமேரி தரையில் உட்கார்ந்தாள். தனியாகப் போய்ப் பேசலாமா என்று கேட்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் போன பெயர். எல்லார் முன்னிலையிலும் சொன்னாள். அட்டைப்பெட்டியை நம்பியது, பச்சை விளக்கைப் பார்க்காதது, மாடியில் காந்திமதி, காலையில் கண்டமங்கலத்துக்குப் போன பதில் வரை ஒன்றையும் மறைக்கவில்லை. சாதிக் தன் பங்கை நின்றபடியே சொன்னான்.

பாஞ்சாலி எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் அவள் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்.

"பச்ச லைட்டா?"

"ஆமா."

"அத தெனமும் நான்தானே தொடப்பேன். காத்தால மெஷின போட்டதும் குனிஞ்சி அதத்தான் மொதல்ல பாப்பேன். அது மினுக்கினாத்தான் சார் ரூமுக்கு ரிப்போர்ட்டு போவும்."

ஞானமேரி நிமிர்ந்தாள். "அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"என்ன எங்க கேட்டீங்க மேடம்?" பாஞ்சாலியின் குரல் உயரவில்லை. "பெட்டியதான கேட்டீங்க."

மற்ற பெண்களும் உரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். மதில்மேல் ஒரு மைனா கத்தியது. ஞானமேரி தலையைக் குனிந்தபோது தன் புடவையில் மல்லாட்டைத் தோல் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். தட்டிவிடக் கை வரவில்லை.

"மன்னிச்சிடுன்னு கேக்க வரல" என்றாள். "கண்டமங்கலத்துல நேர்ல வந்து சொல்லச் சொல்றாங்க. சாயங்காலத்துக்குள்ள. நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நாங்க போய்ச் சொல்றோம்."

பாஞ்சாலி மடியிலிருந்த முறத்தை இறக்கி வைத்தாள்.

"நான் இல்லாம சொன்னது போதும். இந்தத் தடவ என் எதிர்ல சொல்லுங்க."

உள்ளே போய் முகம் கழுவி, புடவை மாற்றி, சர்டிபிகேட் கவரோடு வந்தாள். தோளில் ஒரு வெள்ளைக் கோட்டு. வேலை போன பிறகு சொந்தமாகத் தைத்துக்கொண்டதாம். அது மடிக்கப்பட்டிருந்த விதத்தை ஞானமேரி நன்றாக அறிவாள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பாண்டி பஸ் கிளம்பத் தயாராக இருந்தது; பாண்டியில் இறங்கிக் கண்டமங்கலத்துக்கு மாற வேண்டும். மத்தியான நேரம்; நிறைய ஸீட் காலி. பாஞ்சாலி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து ஸீட்டில் கவரையும் கோட்டையும் வைத்தாள்.

கண்டக்டர் வந்தார். "எத்தினி பேரு?"

காலையிலிருந்து அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று சாதிக்கின் வாயில் தப்பித் தவறி வெளியே வந்தது. "ஒரு நல்லவங்க, ரெண்டு குத்தவாளி. எல்லாருக்கும் டிக்கெட்டு ஒரே ரேட்டாண்ணே?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். கண்டக்டர் குழம்பிப்போய் மூவரையும் பார்த்தார்.

பாஞ்சாலி ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை.

"ரேட்டு ஒண்ணுதான்" என்றாள். "குத்தவாளிங்க நின்னுக்கினு வரட்டும்."

பஸ் கிளம்பியது. முன்னால் நான்கு ஸீட்டும் பின்னால் ஆறு ஸீட்டும் காலியாகவே வந்தன. ஞானமேரியும் சாதிக்கும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாண்டி வரைக்கும் நின்றபடியே போனார்கள்.